நோலினா வாடினால் முதலில் அடியைத் தொட்டுப் பாருங்கள்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு நோலினா நிற்கிறது. 2011ல் வாங்கியபோது அதன் அடி எலுமிச்சம்பழம் அளவுதான். ஐந்தாம் வருஷம் சாத்துக்குடி ஆனது, ஒன்பதாம் வருஷம் உரித்த தேங்காய். இப்போது சின்னப் பரங்கிக்காய் அளவுக்குப் பருத்து, மண்ணுக்கு மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக வளரும் மரம் இது. அதற்கு வரும் கேடும் மெதுவாகத்தான் வெளியே தெரியும். இன்று இலையில் நீங்கள் பார்ப்பது போன மாதம் வேரில் நடந்தது.

தெருவில் செடி வளர்ப்பவர்கள் எனக்குப் போட்டோ அனுப்பிக் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இலை தொங்குது, தண்ணி ஊத்தலாமா?" போட்டோவை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. தண்ணீர் கிடைக்காமல் காய்ந்த நோலினாவும், தண்ணீர் தேங்கி வேர் அழுகிய நோலினாவும் போட்டோவில் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாவதை ஒரு வாளி தண்ணீர் காப்பாற்றும். இரண்டாவதை அதே ஒரு வாளி கொன்றுவிடும். அதனால் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் நான் திரும்பத் திரும்ப "அடியை அமுக்கிப் பாருங்கள்" என்று சொல்லப்போவது இதற்காகத்தான்.

முதலில், இருப்பது நோலினாதானா?

நர்சரிகளில் நோலினா, நோலினா பாம், போனிடெயில் பாம் என்று பல பெயரில் விற்கிறார்கள். தாவரவியலில் இதன் பெயர் பியூகார்னியா ரிகர்வாட்டா. பாம் என்று சொன்னாலும் பனை, தென்னைக்கு இது உறவில்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கு, தண்டவாள ஓரத்தில் முளைத்துக் கிடக்கும் ரயில் கற்றாழை, மருள் எல்லாம் இருக்கிற அஸ்பராகேசி குடும்பம்தான் இதற்கும். பிறந்த இடம் மெக்சிகோவின் கிழக்குப் பக்கம், பல மாதம் மழை காணாத காடுகள். அந்த மாதங்களுக்கான தண்ணீரைத்தான் பருத்த அடியில் சேர்த்து வைக்கிறது. எல்லோரும் கிழங்கு என்று சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்லை, தண்டின் அடிப்பகுதி. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

காடுகளிலிருந்து இதை அளவில்லாமல் பெயர்த்து விற்றார்கள். அதனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், 2016ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த மாநாட்டில் இந்தப் பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். நம் ஊர்த் தொட்டியில் ஒன்றைக் கவனமாக வளர்ப்பது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இதோடு குழப்பிக்கொள்ளும்படி, புல்மரம் என்ற பெயரில் வேறு இரண்டு செடிகள் உண்டு. இலை தொங்காமல், விறைப்பான குச்சிகளாக எல்லாப் பக்கமும் சிலிர்த்து நின்றால் அது டாசிலிரியன், மெக்சிகோப் புல்மரம். அதற்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஆஸ்திரேலியாவின் அசல் புல்மரமான சாந்தோரியா வேறு கதை. அதன் தண்டு வருஷத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தால் அதிகம். வேரைத் தொட்டாலே கோபித்துக்கொள்ளும். யாராவது விதை வாங்கி அதை வளர்த்துக்கொண்டிருந்தால், நான் கீழே சொல்லும் வேர் கழுவுதல், வேர் வெட்டுதல் எதையும் அதற்குச் செய்யாதீர்கள்.

மூன்று சோதனை, ஐந்து நிமிஷம்

கட்டைவிரலால் கிழங்கைச் சுற்றி நாலு பக்கமும் அமுக்குங்கள், முக்கியமாக மண்ணைத் தொடும் இடத்தில். நல்ல கிழங்கு பச்சை நூக்கல் மாதிரி கல்லாக இருக்கும்.

தொடப்பத்திலிருந்து ஒரு தென்னங்குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். மேல்மண் பொரியாகக் காய்ந்திருந்தாலும் குச்சியின் கடைசி இரண்டு அங்குலத்தில் மண் ஒட்டியிருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. இந்த மரத்துக்கு அது போதும்.

தொட்டி தூக்கக்கூடிய அளவு என்றால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி மறுநாள் ஒருமுறை, நன்றாகக் காய்ந்தபின் ஒருமுறை தூக்கிப் பழகிவிட்டால் பிறகு கையே சொல்லிவிடும். சமையல் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறோம் இல்லையா, அதே பழக்கம்தான்.

அடி அமுங்குகிறது

இருப்பதிலேயே அவசரமான அறிகுறி இதுதான், மற்றதை எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். விரல் உள்ளே போகிறது, தோல் நகர்கிறது, பழுப்பாக நீர் கசிகிறது, கெட்ட வாடை வருகிறது என்றால் அழுகல் கிழங்குக்குள் ஏறிவிட்டது.

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் தை மாதத்தில்தான் தெரியவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வேர் மெதுவாக அழுகி, மழை விட்டு ஒரு மாதம் கழித்துத்தான் கிழங்கு அமுங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இரண்டு நாள் மழை விடவே இல்லை. கரண்ட் இல்லாமல், வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்ற கவலையில், மாடிக்குப் போய்த் தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. தட்டு நிறைய மழைநீரில் தொட்டிகள் ஐந்து நாள் நின்றன. பெரிய நோலினா செங்கல் மேல் இருந்ததால் தப்பியது. விதையிலிருந்து ஆறு வருஷம் வளர்த்த இரண்டு சின்னச் செடிகள் போய்விட்டன. இப்போது எந்தத் தொட்டிக்கும் நான் தட்டு வைப்பதில்லை.

அந்த ஜனவரியில் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா தன் நோலினாவை ஆட்டோவில் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். மகள் கல்யாணம் ஆகிப் போனபோது விட்டுவிட்டுப் போன செடி. "தெனம் பாத்துப் பாத்து ஊத்தினேன்பா. இன்னா கொறை வச்சேன் இதுக்கு?" என்றபோது அவர் குரல் உடைந்தது. "கொறை வைக்கலைக்கா, அதிகமாத்தான் வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் அதுதான் வழி.

சாக்கு விரித்துத் தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தோம். மண் முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. குழாயடியில் வேரைக் கழுவினோம். நல்ல வேர் கெட்டியாக, வெளிர் நிறத்தில் இருக்கும். அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உறையாகக் கையில் வரும். ஒரு பக்க வேர் முழுக்க அப்படித்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் கிழங்கில் கத்தியை வைத்ததும் பழுப்புக் கூழ் வழிந்தது. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினோம். கூழுக்கு அடுத்து ஒரு மஞ்சள் படலம், அதையும் தாண்டியபின்தான் முள்ளங்கியின் உள்சதை மாதிரி வெள்ளை தெரிந்தது. மஞ்சள் படலத்தில் நிறுத்திவிட்டால் அழுகல் திரும்ப வரும். வெள்ளை தெரியும் வரை வெட்ட மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் பாகம் கிழங்கு போயிற்று.

வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கையுறை போட்டுக்கொண்டு பூசினோம். உரக்கடையில் கிடைக்கும். அவசரத்துக்கு மஞ்சள்தூள் தூவுபவர்கள் உண்டு. சின்னக் காயத்துக்கு அது சரி, இவ்வளவு பெரிய காயத்துக்கு நான் நம்ப மாட்டேன். பிறகு செடியை மண் இல்லாமல் வெறுமனே, மாடிப்படி முகட்டின் நிழலில், காற்றாட ஒன்பது நாள் வைத்தோம். காயம் தட்டினால் மரம் போலச் சத்தம் வரும் அளவுக்குக் காய வேண்டும். வேறு செடி என்றால் செத்தே போகும். இது கிழங்கில் உள்ள தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாதிக்கு மேல் அழுகியிருந்தால், அல்லது ஒரு வேர்கூட மிஞ்சவில்லை என்றால், பிழைப்பது அரிது. வெட்டிய தண்டிலிருந்து புதுவேர் விடுவது இதற்கு எளிதில்லை.

திரும்ப நடும் கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, செங்கல் உடைசல் அல்லது சிண்டர் (எரிந்த நிலக்கரிக் கட்டி) ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பிடி. எம்-சாண்ட் என்றால் அதில் இருக்கும் மாவுத்தூசு போகும்வரை கழுவுங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் போல இறுகும். நமக்குக் கடற்கரை பக்கத்தில் இருப்பதால் அங்கே மணல் அள்ளிவரத் தோன்றும். வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. சாம்பலும் வேண்டாம், மண்ணின் கண்களை அடைத்துவிடும். அடுத்தது, கிழங்கை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். கிழங்கு என்ற பெயரால் பலர் உருளைக்கிழங்குபோல மூடிவிடுகிறார்கள். வேர் மட்டும் மண்ணுக்குள், பருத்த பகுதி முழுக்க வெளியே. ஆடினால் சுற்றிலும் நாலு கல்லை வைத்து முட்டுக்கொடுங்கள். நட்டபின் பத்து நாளைக்குத் தண்ணீர் கூடாது.

அடி சுருங்கியிருக்கிறது, ஆனால் அமுங்கவில்லை

கிழங்கின் தோலில் வாழைப்பழம் வாடியதுபோலச் சுருக்கம் விழுந்திருக்கிறது, அமுக்கினால் கொஞ்சம் நெகிழ்கிறது, ஆனால் ஈரமோ வாடையோ இல்லை. சேமித்த தண்ணீர் தீர்ந்து வருகிறது என்று பொருள். குச்சிச் சோதனை செய்யுங்கள். அடிவரை காய்ந்திருந்தால் அது தாகம்தான். தொட்டியின் துளை வழியாக வழியும்வரை ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தோல் நிமிரும்.

குச்சியில் ஈரம் இருக்கிறது, கிழங்கு மட்டும் சுருங்குகிறது என்றால் பயப்பட வேண்டிய இடம் அதுதான். தண்ணீர் இருந்தும் குடிக்க வேர் இல்லை. மேலே சொன்னபடி வெளியே எடுத்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் கிழங்கை வெட்ட வேண்டியிருக்காது, கறுத்த வேரை நறுக்கிக் காயவைத்து நட்டாலே போதும்.

கத்திரி வெயிலில், மே மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தவர்கள் சுருங்கிய கிழங்கைப் பார்த்துப் பதறித் தினமும் ஊற்றத் தொடங்குவார்கள். ஒருமுறை ஊற்றிவிட்டு விடுங்கள். மூன்று வாரப் பட்டினி இதற்குப் பெரிதில்லை. அந்தப் பதற்றம்தான் கெடுக்கும்.

இலை நுனி கருகுகிறது

வடசென்னையில் நோலினா வைத்திருப்பவர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. நுனி காப்பித்தூள் நிறத்தில் காய்ந்து, மாதாமாதம் ஓர் அங்குலம் கீழே இறங்கும். கிழங்கு கல்லாக இருந்து நுனி மட்டும் கருகினால் அது தாகமில்லை. பெரும்பாலும் உப்பு. தொட்டியின் விளிம்பையும் மண்ணின் மேல்பரப்பையும் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறதா? அதுதான் சாட்சி.

உப்பு எங்கிருந்து வருகிறது? முதலில் போர் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை மிதமிஞ்சி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் புகுந்துவிட்டது. கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருக்களிலும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்க அளவாகச் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. செடிக்கும் அந்த 500ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 1500க்கு மேல் போனால் தொட்டியில் தொடர்ந்து ஊற்றாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். உப்பைப் பிரித்து எடுத்த மிச்சம் அது, உள்ளே போன தண்ணீரைவிட உப்பு அதிகம். தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, மீன் கழுவிய தண்ணீர். இதை எழுதவே தயங்கினேன், ஏனென்றால் எங்கள் பக்கம் ரோஜாவுக்கும் முருங்கைக்கும் அம்மாக்கள் காலம் காலமாக ஊற்றி நன்றாக வந்திருக்கிறது. தரையில் நிற்கும் முருங்கைக்கு அது பரவாயில்லை, மழையில் உப்பு இறங்கிப் போய்விடும். ஆனால் காசிமேட்டு மீனைக் கல் உப்புப் போட்டுத் தேய்த்துத்தானே கழுவுகிறோம்? ஒன்றரை அடித் தொட்டியில் அந்த உப்புக்குப் போக இடமில்லை. நோலினாவுக்கு மட்டும் வேண்டாம். கைப்பிடி கைப்பிடியாக டிஏபி உரம் போடுவதும் உப்புப் போடுவதுதான்.

மூன்றாவது, காற்று. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலைப் பார்த்த மாடிகளில் இலைமேல் உப்பு படியும். அதோடு கன்டெய்னர் லாரிகளின் புகைத்தூசு, காற்று அடிக்கும் பக்கத்தைப் பொறுத்து அனல்மின் நிலையச் சாம்பல். வெள்ளைத் துணியை நனைத்து ஓர் இலையை அடியிலிருந்து நுனிவரை உருவிப் பாருங்கள், துணியில் கறுப்புக் கோடு விழும். அந்தப் படலம் வெயிலை இலைக்குள் விடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் பூவாளியால் இலைகளைக் கழுவிவிடுங்கள். குருத்துக்குள் தண்ணீர் தேங்காமல் தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவ வேண்டும்.

சேர்ந்த உப்பை வெளியேற்ற, வெயில் காயும் ஒரு காலையில் நல்ல தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு, மெதுவாக ஊற்றி வழியவிடுங்கள். பிறகு குச்சி காய்ந்து வரும்வரை ஒரு சொட்டும் கூடாது. நல்ல தண்ணீர் என்றால் சேமித்த மழைநீர், மெட்ரோ வாட்டர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். ஏசித் தண்ணீரில் உப்பே கிடையாது. எங்கள் வீட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நோலினாவுக்கு அது மட்டும்தான்.

கருகிய நுனி பச்சையாகத் திரும்பாது. அசிங்கமாகத் தெரிந்தால் இலையின் கூர்மைக்கேற்பச் சாய்வாக நறுக்குங்கள். காய்ந்த பகுதியில் நூலளவு மிச்சம் விட்டு நறுக்க வேண்டும். பச்சையில் கத்தரி பட்டால் புதிதாகக் கருகும்.

கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

கீழ்வரிசையில் மாதத்துக்கு ஓரிரு இலை மஞ்சளாகிக் காய்ந்தால் அது வயது. கீழ்நோக்கி இழுத்து எடுத்துவிடுங்கள். மேலே, நடுவே, எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் என்றால் வேரில் தண்ணீர் நிற்கிறது. கிழங்கை அமுக்கிவிட்டு முதல் அறிகுறிக்குப் போங்கள்.

நடுக்குருத்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது

அடைமழையில் குருத்துக்குள் தண்ணீர் தேங்கி உள்ளே அழுகியிருக்கும். குருத்தின் அடி பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். பலர் இத்தோடு மரம் போயிற்று என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். கிழங்கு கல்லாக இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. அழுகியதைச் சுரண்டி எடுத்து, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துக் கொஞ்சமாக ஊற்றிச் சாய்த்து வடித்துவிட்டு, மழை படாத இடத்தில் வையுங்கள். சில மாதத்தில் தண்டின் பக்கங்களில் பச்சை மொட்டுகள் கிளம்பும். ஒரு தலை இருந்த இடத்தில் மூன்று, நான்கு தலை வரும். எனக்கு அப்படி வந்த மரம்தான் அதிக அழகு.

இலை நீண்டு, வெளிறி, துவள்கிறது. அல்லது வெள்ளையாகத் திட்டு விழுகிறது

இரண்டும் வெயில் சம்பந்தப்பட்டவை, எதிரெதிர். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்த நோலினா வெளிச்சம் தேடி இலையை நீட்டி மெலிந்துபோகும். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை மாதிரி வீடும் வீடும் ஒட்டிய தெருக்களில் பால்கனியில்கூட நேர் வெயில் ஒரு மணி நேரம்தான் விழும். அது போதாது, மாடிக்கு ஏற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் ஏற்றினால் இலை வெந்து வெள்ளைத் திட்டு விழும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் மதியம் வரை, பிறகு முழு நாள். சித்திரை, வைகாசியில் இந்த இடமாற்றமே வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைச் சுடுகிற தளத்தில் நேராக வைத்தால் வேர் வெந்துவிடும். செங்கலோ பலகையோ அடியில் கொடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, பழுப்புச் செதில், மங்கல் புள்ளி

இலை இடுக்கில் பஞ்சுபோல இருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் ஒட்டிய பருக்கள் நகத்தால் பெயர்ந்தால் செதில்பூச்சி. கோடையில் இலை முழுக்க ஊசிமுனைப் புள்ளியாக வெளுத்தால் சிலந்திப்பேன். வெள்ளைத்தாள் மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும். மூன்றுக்கும் முதல் வைத்தியம் ஈரத்துணியால் துடைப்பது. பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் அதையும் நிறுத்த வேண்டும், மாவுப்பூச்சியை அதுதான் பாதுகாக்கிறது.

பூனை கடித்த இலை சீராக இருக்காது, நார் நாராகக் கிழிந்து தொங்கும். பூனைக்கும் நாய்க்கும் இந்தச் செடியில் விஷம் கிடையாது. இலை விளிம்பு மட்டும் சொரசொரப்பாக அறுக்கும், குழந்தைகள் உருவி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளரவே மாட்டேன் என்கிறது

புது இலை நடுவில் வந்துகொண்டிருந்தால் அது வளர்கிறது. வருஷத்துக்குச் சில அங்குலம்தான் இதன் கணக்கு. கிழங்கின் சுற்றளவை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு நூலால் அளந்து நூலைப் பத்திரப்படுத்துங்கள். என்னிடம் அப்படிப் பதினான்கு நூல் இருக்கிறது. அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் மரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று புரிகிறது.

ஒரு வருஷமாக ஓர் இலைகூட வரவில்லை என்றால் தொட்டி நிறைய வேர் சுற்றியிருக்கலாம். தை, மாசியில் இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியில் போட்டால் வேகமாக வளரும் என்று நினைக்க வேண்டாம். வேர் தொடாத மண்ணில் ஈரம் நின்று மறுபடி அழுகலில் கொண்டுபோய் விடும். பூ வேண்டும் என்றால் பத்து வருஷத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டும், தொட்டியில் பூக்காமலே போகலாம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதால் ஒற்றை மரத்தில் விதையை எதிர்பார்க்க முடியாது.

தரையில் நட இடம் இருந்தால் திருவொற்றியூர், எண்ணூர் மணல் தரை இதற்கு ஏற்றது. வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடங்களில் முழங்கால் உயரம் மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். சுவரிலிருந்து நாலு அடியாவது தள்ளி. அடி பருக்கும்போது அதற்கு இடம் வேண்டும். இறுக்கமான மண்தொட்டிகளையே அது பிளந்துவிடும்.

வெட்டி நட்ட செடி பிழைத்துவிட்டதா?

பழைய இலைகள் பச்சையாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிழங்கின் சேமிப்பில் அவை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், கீழே ஒரு வேரும் இல்லாமல். நடுவில் இருக்கும் மிக இளைய இலையையும், அதை ஒட்டிய பெரிய இலையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டின் மேலும் ஒரே மட்டத்தில் பால்பென்னால் ஒரு கோடு போடுங்கள். வேர் பிடித்துவிட்டால் இளைய இலை மேலே தள்ளும், அதன் கோடு பக்கத்துக் கோட்டை விட்டு உயரும். அதுவரை பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரமாக ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும்.

காலடிப்பேட்டை அக்கா செடியில் தை மாதக் கடைசியில் கோடு போட்டோம். மாசி முழுக்க அசையவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, "ஒரு சொம்பு ஊத்தட்டுமாப்பா?" என்பார். "குச்சி இன்னா சொல்லுதுக்கா?" என்று கேட்பேன். பங்குனி இரண்டாம் வாரம் அவர் அனுப்பிய போட்டோவில் இளைய இலையின் நீலக்கோடு பக்கத்துக் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நின்றது. நேரில் போய்க் கிழங்கைச் சுற்றி அமுக்கிப் பார்த்தேன், வெட்டிய பக்கமும் கெட்டியாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொட்டி வழிய ஊற்றினோம்.